தங்கால் கதவு திறந்த கதை தெரியுமா?

தெரியுமா? இன்றைய மனநல மருத்துவர் ஒருவர் படித்தால் "இது கேஸ் ஷீட் மாதிரியே இருக்கே!" என்று நிமிர்ந்து உட்காரக்கூடிய சங்கப் பாட்டு ஒன்றைப் பாடியவர் நம்ம திருத்தங்கல்காரர்!

அகநானூறு, 48-ஆம் பாட்டு. பாடியவர் தங்கால் முடக்கொற்றனார். அந்தத் தங்கால்தான் இன்றைய திருத்தங்கல் என்பார்கள். சிவகாசியை ஒட்டி, விருதுநகர் – தென்காசி ரயில் பாதையில், மலைமேல் நின்ற நாராயணப் பெருமாள் நிற்க, கீழே பட்டாசும் தீப்பெட்டியும் அச்சுமாக ஊரே உழைத்துக்கொண்டிருக்கிறதே, அதே ஊர்!

பாட்டில் என்ன நடக்கிறது? செவிலித்தாய்க்கு ஒரே கவலை. வளர்த்த மகள் பால்கூடக் குடிப்பதில்லை. முகம் வாடிக் கிடக்கிறது. மேனி பசந்துபோய்விட்டது. என்ன ஆச்சு இவளுக்கு என்று தோழியைக் கேட்கிறாள். கவனித்தீர்களா? சாப்பாடு, முகம், நிறம் என்று அவள் சொல்கிற மூன்றும் உடம்பில் தெரிகிற அறிகுறிகள். தோழி கஷாயம் எதுவும் சொல்லவில்லை. எனக்கும் தெளிவாகத் தெரியவில்லை அம்மா என்று தயங்கித் தயங்கி, ஒரு நாள் மலைச்சரிவில் நடந்ததைச் சொல்கிறாள். வேங்கைப் பூப் பறிக்கப் போனோம். புலி, புலி என்று கூச்சல் போட்டோம். வில்லும் அம்புமாக ஒருவன் ஓடிவந்து புலி எங்கே என்று கேட்டான். நாங்கள் ஒருத்தி முதுகில் ஒருத்தி ஒளிந்துகொண்டோம். அவன் போய்விட்டான். போன திசையையே உன் மகள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவ்வளவுதான்! நோய் வயிற்றிலும் இல்லை, ரத்தத்திலும் இல்லை. யாரிடமும் சொல்லாத ஓர் ஆசை பசலையாக வெளியே வந்திருக்கிறது. தோழி அதை இப்படித் தாயிடம் எடுத்துச் சொல்வதற்கு இலக்கணம் 'அறத்தொடு நிற்றல்' என்று பெயர் வைத்திருக்கிறது. வேறு பல சங்கப் பாட்டுகளில் தாய் வேலன் என்ற பூசாரியைக் கூப்பிடுவாள். கழங்கு உருட்டிப் பார்ப்பார்கள், வெறியாட்டு நடக்கும், ஆடு பலியாகும், மகள் மட்டும் அப்படியே வாடிக் கிடப்பாள். ஒருத்தி வாய் திறந்து உள்ளதைச் சொன்ன பிறகுதான் வழி பிறக்கும். பயந்த கோளாறுக்கு மந்திரித்துக் கயிறு கட்டுகிற ஊர்களில் பிறந்த நமக்கு, இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே வேலனையும் தோழியையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திக் காட்டியிருக்கிறார்கள். எத்தனை தடவை நினைத்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது!

அந்தத் தோழி செய்த வேலையைத்தான் இன்றைக்கு ஒரு சிகிச்சையாகவே செய்கிறார்கள். அதன் பெயர் குறுகிய கால உள இயக்கச் சிகிச்சை. ஆங்கில வழியில் படித்தவர்கள் சைக்கோடைனமிக் தெரபி என்பார்கள். காரணமே இல்லாமல் வருகிற படபடப்பு, அழுகை, ஓயாத தலைவலி, திரும்பத் திரும்ப ஒரே மாதிரி முறிந்துபோகிற உறவுகள் ஆகியவற்றுக்குக் கீழே, நாமே பார்க்கப் பயப்படுகிற ஓர் உணர்ச்சி புதைந்திருக்கலாம் என்பது இதன் அடிப்படை. அந்த உணர்ச்சியைப் பேச்சின் வழியாக, பாதுகாப்பான ஓர் அறையில், மெல்ல வெளியே வரவிடுவது சிகிச்சை. வருஷக் கணக்கில் இழுக்காது. வாரம் ஒரு தடவை உட்கார்ந்தால், பெரும்பாலும் பன்னிரண்டிலிருந்து நாற்பது அமர்வுக்குள் முடிந்துவிடும்.

மனசை அலசுவது என்றாலே வருஷக் கணக்கில் சோபாவில் படுத்துக்கொண்டு பேசுவதுதான் நம் ஞாபகத்துக்கு வரும். அந்தச் சோபாவின் சொந்தக்காரர் சிக்மண்ட் ஃப்ராய்டே சில சமயம் மின்னல் வேகத்தில் வேலையை முடித்திருக்கிறார், தெரியுமா? 1906-ல் புரூனோ வால்டர் என்ற இசை நடத்துநருக்கு வலது கை வேலை செய்யாமல் போனது. கை போனால் அவருக்குப் பிழைப்பே போச்சு! ஃப்ராய்ட் அவரைச் சிசிலித் தீவுக்குப் போய் ஊர் சுற்றிவிட்டு வரச் சொன்னார். திரும்பி வந்ததும், மேடை ஏறி நடத்துங்கள், என்ன ஆனாலும் பொறுப்பு என்னுடையது என்றார். ஏறக்குறைய ஆறு சந்திப்புகள். வால்டர் அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் மேடையில் நின்றார். 1910-ல் இசையமைப்பாளர் குஸ்தாவ் மாலர் மனைவியை இழந்துவிடுவோமோ என்று உடைந்துபோய் வந்தபோது, நெதர்லாந்தின் லைடன் நகரத் தெருக்களில் இருவரும் ஏறக்குறைய நான்கு மணி நேரம் நடந்துகொண்டே பேசினார்கள். சிகிச்சை மொத்தமே அந்த ஒரு நடைதான்!

இனி ஒரு வருஷத்தைச் சொல்கிறேன். 1922.

அந்த வருஷம் சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்று இரண்டு இளைஞர்கள் கல்கத்தாவுக்கு ரயிலேறினார்கள். தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பி, இந்தக் கரிசல் மண்ணின் தலையெழுத்தையே மாற்றினார்கள். இது நம்ம பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கதை. அதே 1922-ல், அதே கல்கத்தாவில், பார்சிபாகன் சந்தில் தன் வீட்டிலேயே கிரீந்திரசேகர் போஸ் என்ற மருத்துவர் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கினார் என்பது தெரியுமா? வெளியே கொளுத்துகிற தீக்குச்சியும் உள்ளே கனல்கிற மனசைப் பற்றிய படிப்பும் ஒரே ஊரில், ஒரே வருஷத்தில்! போஸுக்கும் ஃப்ராய்டுக்கும் கடிதப் போக்குவரத்து உண்டு. 1931-ல் ஃப்ராய்டுக்கு 75 வயது நிறைந்தபோது இந்தச் சங்கம் அவருக்குத் தந்தத்தில் செதுக்கிய திருமால் சிலை ஒன்றை அனுப்பிவைத்தது. செய்தது திருவிதாங்கூரில், நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம்! ஃப்ராய்ட் அதைத் தன் எழுத்து மேசைமேலேயே வைத்துக்கொண்டார். லண்டனில் உள்ள ஃப்ராய்ட் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது.

1922 இன்னும் முடியவில்லை. அதே வருஷம் நம்ம ஊட்டியில் ஒரு குழந்தை பிறந்தது. பெயர் டேவிட் மாலன். வளர்ந்து ஆக்ஸ்ஃபோர்டில் முதலில் படித்தது என்ன தெரியுமா? வேதியியல்! பிறகுதான் மருத்துவத்துக்கும் மனநலத்துக்கும் திரும்பினார். லண்டன் டாவிஸ்டாக் கிளினிக்கில் மைக்கேல் பாலிண்ட் என்பவரோடு சேர்ந்து, இத்தனை நீண்ட சிகிச்சையைக் குறுக்கினால் பலன் குறையுமா என்று வருஷக் கணக்கில் சோதித்துப் பார்த்தார். குறுக்கலாம், ஆழமும் கெடாது என்று 1963-ல் புத்தகமாகவே எழுதினார். 2020-ல் மறைந்தார். குறுகிய கால உள இயக்கச் சிகிச்சை படிக்கிற எவரும், உலகத்தின் எந்த மூலையில் இருந்தாலும், இந்த நீலகிரிப் பிள்ளையின் இரண்டு முக்கோணங்களைத் தாண்டித்தான் போயாக வேண்டும்.

அந்த முக்கோணங்களுக்குப் போகுமுன் பட்டாசு ஆலைக்குள் ஒரு நிமிஷம் எட்டிப் பார்த்துவிடுவோம். வெடிக்கலவைக்கு இங்கே என்ன பெயர் தெரியுமா? மருந்து! மருந்து கலக்கிற அறை, மருந்து செலுத்துகிற அறை. வெளியூர்க்காரர் காதில் ஆஸ்பத்திரி மாதிரி விழும். கலந்த மருந்தை அன்றன்றைக்கே தீர்த்துவிட வேண்டும் என்பது இந்தத் தொழிலின் உயிர் விதி. மிச்சம் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனால், மறுநாள் காலை யாரோ ஒருவர் கை பட்டு, லேசான உராய்வில் அது எழும். எத்தனையோ விபத்துச் செய்திகளில் முந்தின நாள் மிஞ்சிய மருந்து என்ற வரியைப் படித்து நெஞ்சு பதறியிருக்கிறோம்.

மனசிலும் மிஞ்சின மருந்து உண்டு! அது கிடக்கிற இடத்தைக் காட்டுகிற வரைபடங்கள்தான் மாலனின் முக்கோணங்கள்.

முதல் முக்கோணத்துக்கு மூன்று முனை. அடியில் ஓர் உணர்ச்சி: கோபமோ, துக்கமோ, ஏக்கமோ. அது மேலே கிளம்பும்போதெல்லாம் ஒரு பதற்றம். அந்தப் பதற்றம் தெரியாமல் இருக்க நாம் போட்டுக்கொள்கிற மூடி. சிரித்து மழுப்புவது, வேலையில் மூழ்குவது, "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்பது எல்லாம் மூடிதான். இரண்டாவது முக்கோணம் ஆட்களைப் பற்றியது: அன்று வளர்த்தவர்கள், இன்று கூட இருப்பவர்கள், இப்போது எதிரே உட்கார்ந்து கேட்கிற சிகிச்சையாளர். அன்று அப்பாவிடம் எப்படி மூடினோமோ, அதே மாதிரிதான் இன்று கணவரிடமும் மேலாளரிடமும் மூடுகிறோம். அதே மூடி அந்த அறைக்குள்ளேயும் வந்துவிடும்! அது வரும்போது கையும் களவுமாக, ஆனால் அன்போடு, பிடிப்பதில்தான் சிகிச்சையாளரின் திறமை இருக்கிறது.

ஒரு கற்பனை அக்காவை வைத்துப் பார்ப்போம். சரவெடி பின்னுகிறவர். திடீர் திடீரென்று நெஞ்சு படபடக்கிறது. ஈ.சி.ஜி. எடுத்தாயிற்று, ஒரு குறையும் இல்லை. சிகிச்சையாளர் கேட்கிறார்:

"அன்னிக்கு வீட்டுக்காரர் அத்தனை பேர் முன்னால அப்படிப் பேசினாரே, உங்களுக்கு உள்ளுக்குள்ள என்னக்கா வந்துச்சு?"

"என்ன வரும் மேடம்? ஒண்ணுமில்ல. பழகிப்போச்சு."

"சிரிக்கிறீங்க. ஆனா கை முந்தானையைப் போட்டு முறுக்கிக்கிட்டே இருக்கே?"

கையைப் பார்க்கிறார் அக்கா. முதல் தடவையாகப் பார்க்கிற மாதிரி. பெருமூச்சு ஒன்று வருகிறது.

"எங்க அய்யாவும் இப்பிடித்தான். நாலு பேரு இருந்தாத்தான் ஏசுவாரு. ஒரு நா கூட எதுத்து ஒரு வார்த்த பேசுனதில்ல மேடம்."

"போன வாரம் நான் சொன்ன நேரத்துக்கு வராம உங்களைக் காக்க வச்சேன். என்மேல கோவம் வரலையா?"

அமைதி. பிறகு மெல்ல: "வந்துச்சு."

இந்த "வந்துச்சு"தான் வைரம்! முப்பது வருஷமாக வெளியே வராத ஒரு சொல், எந்தக் கேடும் விளையாமல் வெளியே வந்துவிட்டது. கோபத்தைச் சொன்னதற்கு யாரும் அடிக்கவில்லை, யாரும் எழுந்து போகவில்லை. இந்தப் புது அனுபவத்துக்கு 1946-ல் சிகாகோவின் ஃப்ரான்ஸ் அலெக்ஸாண்டர் 'திருத்தும் உணர்ச்சி அனுபவம்' என்று பொருள்படப் பெயர் வைத்தார். அவர் எடுத்துக்காட்டாகச் சொன்னது யாரைத் தெரியுமா? விக்தர் ஹ்யூகோ நாவலின் ஜீன் வல்ஜீனை! திருடிய வெள்ளிச் சாமான்களைப் பாதிரியார் அவனுக்கே கொடுத்துவிடுகிற இடம். அடியை எதிர்பார்த்தவனுக்குக் கருணை கிடைத்தபோது அவன் மனசின் கணக்கே மாறிவிட்டது.

முந்தானை முறுக்கியதைப் பார்த்தார்களே, அதற்குப் பின்னாலும் ஓர் அதிசயம் இருக்கிறது. ஈரானில் பிறந்து கனடாவின் மான்ட்ரியலில் வேலை பார்த்த ஹபீப் தாவன்லூ என்ற மருத்துவர், நோயாளிகளோடு பேசியதையெல்லாம் அவர்கள் சம்மதத்தோடு வீடியோவில் பதிந்து, மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தார். பதற்றம் உடம்பில் எந்தப் பாதையில் இறங்குகிறது என்று அதில் கண்டுகொண்டார்! கைவிரல் மடங்கி, பெருமூச்சு வந்தால் அந்த ஆள் தாங்குவார், இன்னும் கொஞ்சம் உள்ளே போகலாம். வயிறு புரட்டினால் நிதானம் தேவை. கண் மங்கி, பேச்சு தடுமாறி, எண்ணம் நழுவினால் அந்த நொடியே நிறுத்திப் பின்வாங்க வேண்டும். எவ்வளவு அழுத்தினால் தாங்கும், எங்கே கையை எடுக்க வேண்டும் என்று மருந்து அறையில் அனுபவப்பட்ட ஒரு போர்மேனுக்கு இருக்கிற அதே கவனம்!

உடம்பு பேசுவது நமக்குப் புதிதா என்ன? நெஞ்சு கனத்துப்போச்சு, வயித்தெரிச்சலா இருக்கு, ஈரக்குலை நடுங்கிருச்சு, தொண்டைக்குள்ள உருண்டையா நிக்குது. நம்ம பாட்டிமார் ஒவ்வோர் உணர்ச்சிக்கும் உடம்பில் ஓர் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஒரு முழு இயலே இருக்கிறது. உணர்ச்சி எட்டு, ஒவ்வொன்றும் பிறக்க நான்கு காரணம் என்கிற கணக்கு. அழுகைக்கு மட்டும் பாருங்கள்: பிறர் இழிவுபடுத்தியது, இழந்தது, இருந்த நிலை குலைந்தது, வறுமை. இன்றைக்கு மனநலப் புறநோயாளிகள் பிரிவில் கண்ணீரோடு உட்கார்ந்திருக்கிறவர்களை இந்த நான்கிலேயே வரிசைப்படுத்திவிடலாம் போலிருக்கிறது! திருக்குறளில் இரண்டு தடவை வருகிற ஒரே அதிகாரப் பெயர் எது தெரியுமா? குறிப்பறிதல்! பொருட்பாலில் 71, காமத்துப்பாலில் 110. சொல்லாததை முகத்தில் படிப்பது அரண்மனையிலும் வேண்டும், காதலிலும் வேண்டும் என்று வள்ளுவருக்குத் தோன்றியிருக்கிறது. இந்தச் செல்வம் எல்லோர் கைக்கும் வாய்ப்பதில்லை. உள்ளே என்ன உணர்ச்சி என்று சொல்லச் சொல்லே கிடைக்காமல் தவிக்கிற நிலைக்கு பாஸ்டன் மருத்துவர் பீட்டர் சிஃப்னியோஸ் 1970-களின் தொடக்கத்தில் அலெக்ஸிதைமியா என்று கிரேக்கச் சொற்களால் பெயர் சூட்டினார். குறுகிய கால சிகிச்சையின் முன்னோடிகளில் அவரும் ஒருவர்.

அவர் வேலை பார்த்த பாஸ்டனுக்கும் நம் வெடி மண்ணுக்கும் ஓர் உறவு உண்டு. சொல்ல மனசு கனக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும்.

1942 நவம்பர் 28. பாஸ்டனில் கோகோனட் குரோவ் என்ற இரவு விடுதியில் தீப்பிடித்தது. 492 பேர் இறந்தார்கள். பொது மருத்துவமனையில் தீக்காய வார்டு நிரம்பி வழிந்தபோது, எரிக் லிண்டமன் என்ற மனநல மருத்துவர் புண்ணைவிட ஆழமான ஒன்றைக் கவனித்தார். வேண்டியவர்களைப் பறிகொடுத்தவர்களிடம் உட்கார்ந்து பேசினார். 1944-ல் எழுதினார். துக்கத்துக்கு உடம்பில் ஓர் ஒழுங்கான வடிவம் இருக்கிறது! இருபது நிமிஷத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை அலை அலையாக வருகிறது; தொண்டை அடைக்கிறது, மூச்சு முட்டுகிறது, பெருமூச்சு வருகிறது, வயிறு வெறிச்சென்று ஆகிறது, கைகால் சக்தி இழக்கிறது. சிலருக்கு இறந்தவரின் கடைசி நோயின் அறிகுறிகளே வந்துவிடுகின்றன. அழாமல், விறைப்பாக, எல்லாக் காரியத்தையும் கச்சிதமாகச் செய்துகொண்டு திரிந்த சிலரை அந்தத் துக்கம் பிறகு வந்து மோசமாகத் தாக்கியது. இறந்தவரைப் பற்றி, அவர்மீது இருந்த அன்பை மட்டுமல்லாமல் கோபத்தையும் குற்ற உணர்வையும்கூட, எட்டிலிருந்து பத்துத் தடவை கூட உட்கார்ந்து பேசினாலே, நான்கு முதல் ஆறு வாரத்தில் சிக்கலற்ற துக்கம் ஒரு வழிக்கு வந்துவிடுகிறது என்றார். குறுகிய கால சிகிச்சையின் ஒரு வேர் அந்தத் தீயின் சாம்பலில் இருக்கிறது.

2012 செப்டம்பர் 5-ஐ இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடிவிபத்து. சுமார் 40 உயிர்கள். ஆலையில் வேலை செய்தவர்கள் மட்டுமல்ல, காப்பாற்ற ஓடியவர்களும் என்னவோ ஏதோ என்று பார்க்கப் போனவர்களும்கூடத் திரும்பவில்லை. 2021 பிப்ரவரியில் அச்சங்குளம். இடையிலும் பிறகும் எத்தனையோ. ஒவ்வொரு தடவையும் இழப்பீட்டுத் தொகை எவ்வளவு என்று செய்தி வருகிறது. அது வேண்டியதுதான், வயிறு காயக்கூடாது. தப்பித்து வந்தவர் ராத்திரி குக்கர் விசிலுக்குத் துள்ளி எழுவதை யார் போய்க் கேட்பது? "நான் அன்னிக்கு லீவு போடச் சொல்லியிருந்தா" என்று பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகும் ஒரு மனைவி தனக்குள்ளே சொல்லிக்கொண்டிருப்பதை யார் கேட்பது? தீக்காய வார்டு மாதிரியே துக்க வார்டும் வெடி மண்ணுக்கு வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். நம்ம ஒப்பாரி, கூடி அழுகிற அந்தப் பழக்கம், இதில் பாதி வேலையைச் செய்துகொண்டிருந்தது. வாயடைத்துப்போனவர்களுக்கு மீதிப் பாதி வேண்டும்.

வெடிச் சத்தத்தை மறக்காத இன்னொரு ஊர் கனடாவின் ஹாலிஃபாக்ஸ். 1917 டிசம்பர் 6-ல் வெடிமருந்துக் கப்பல் ஒன்று துறைமுகத்திலேயே வெடித்துப் பாதி ஊரை அழித்தது. அதே ஊரில்தான் ஆலன் அப்பாஸ் என்ற மருத்துவர் இந்தச் சிகிச்சையில் ஒரு வியப்பைக் காட்டினார், தெரியுமா? காரணம் பிடிபடாத வலி, மூச்சுத் திணறல், மயக்கம் என்று அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடி ஓடி வருகிற 50 பேருக்குச் சராசரியாக 4 அமர்வுக்கும் குறைவாக, சரியாகச் சொன்னால் 3.8 அமர்வு, இந்தச் சிகிச்சை கொடுத்தார்கள். அடுத்த வருஷம் அவர்கள் அவசரப் பிரிவுக்கு வந்த தடவைகள் 69 சதவீதம் குறைந்துவிட்டன! ஸ்கேனுக்கும் ஈ.சி.ஜி.க்கும் மதுரைக்கும் விருதுநகருக்கும் அலைகிற எத்தனை குடும்பங்கள் நம்மிடம்!

மருந்து நிறுத்தினால் அதன் வேலை நிற்பதுதானே வழக்கம்? இங்கே சிகிச்சை முடிந்த பிறகும் குணம் கூடிக்கொண்டே போவதாகக் கணக்கு காட்டுகிறது! ஜொனாதன் ஷெட்லர் என்ற அமெரிக்க உளவியலாளர் 2010-ல் தொகுத்துக் காட்டினார். 23 ஆய்வுகள், 1431 பேர். முடிந்த அன்று பலனின் அளவு 0.97. ஒன்பது மாதம் தாண்டிப் பார்த்தபோது 1.51. இந்த வகைக் கணக்கில் 0.8 வந்தாலே பெரிய பலன் என்பார்கள். மூடியை அடையாளம் காணப் பழகிய மனசு, சிகிச்சையாளர் இல்லாமலேயே அந்த வேலையைத் தொடர்கிறது. 2007-ல் நியூயார்க்கில் பார்பரா மில்ராட் குழு, திடீர்ப் பீதி வந்து உயிரே போகிற மாதிரி தவிப்பவர்களுக்கு 12 வாரத்தில் 24 அமர்வு கொடுத்தது. 73 சதவீதம் பேருக்கு நல்ல பலன். தசை தளர்த்தும் பயிற்சி மட்டும் பெற்றவர்களில் அது 39 சதவீதம். 2014-ல் காக்ரேன் தொகுப்பு 33 ஆய்வுகளை, 2173 பேரை அலசி, பொதுவான மனநலச் சிக்கல்களுக்குப் பலன் இருக்கிறது என்றது. ஆய்வுகளின் தரம் ஒரே சீராக இல்லை, இன்னும் வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னது.

ஆர்வத்தில் கூட்டிச் சொல்லிவிடக்கூடாது. ஆம்ஸ்டர்டாமில் மனச்சோர்வு உள்ள 341 பேரிடம் நடத்தி 2013-ல் வெளியான ஆய்வில், இந்தச் சிகிச்சையும் எண்ணங்களைத் திருத்தும் சி.பி.டி. சிகிச்சையும் ஒன்றுக்கொன்று சளைக்கவில்லை. இரண்டிலுமே 16 அமர்வின் முடிவில் முழுதாகத் தேறியவர்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்தான். மனசு கடினமான நிலம். தீவிர மனச்சிதைவு, மனநிலை உச்சத்துக்கும் பாதாளத்துக்கும் போகிற நோய் போன்றவற்றுக்கு மாத்திரைதான் முதல் துணை. அதை யாரும் தானாக நிறுத்தவே கூடாது. பயிற்சி இல்லாதவர் கிளறினால் இந்தச் சிகிச்சையே ஆபத்தாகவும் முடியும். மருந்து அறைக்குள் புதிதாக வந்தவரை உடனே மருந்து கலக்க விடுவார்களா?

எங்கே போவது என்று கேட்பீர்கள். 14416! 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் எண். தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் தமிழிலேயே, இரவு பகல் எந்நேரமும், காசில்லாமல் பேசலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு எட்டிப் பார்த்தால் அந்த நிமிஷமே பேச வேண்டிய எண். விருதுநகரிலேயே 2022 ஜனவரியிலிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மதுரையில் 1992-ல் மருத்துவர் ராமசுப்பிரமணியன் தொடங்கிய எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை மனநலத்துக்காகவே உழைக்கிறது. முதல் படி ஒரு மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பார்ப்பது. எந்த வகைச் சிகிச்சை பொருந்தும் என்று அவர் சொல்வார்.

ஒரே ஒரு சந்திப்பே சிலருக்குத் திருப்பமாகிவிடும் என்பது தெரியுமா? மாலனும் அவர் குழுவினரும் 1975-ல் வெளியிட்டது இது. ஒரு தடவை மட்டும் ஆலோசனைக்கு வந்து, சிகிச்சையே பெறாமல் போன 45 பேரைப் பல வருஷம் கழித்துத் தேடிப் பார்த்தார்கள். ஏறக்குறைய நாலில் ஒருவரிடம், வெறும் அறிகுறி தணிந்ததைத் தாண்டி, மனசின் அடித்தளமே மாறியிருந்தது! தன்னைப் பற்றி ஒருவர் உண்மையாகக் கேட்ட அந்த ஒரு மணி நேரம், பிறகு அவர்கள் தாங்களாகவே யோசிக்கக் காரணமாக இருந்திருக்கிறது.

முடிவு நாளைக் குறித்துவிட்டுத் தொடங்குவதும் இந்தச் சிகிச்சையின் விசேஷம். பாஸ்டனின் ஜேம்ஸ் மான் 1973-ல் சரியாகப் பன்னிரண்டு அமர்வு என்று வரையறுத்தார். கடைசி நாள் முதல் நாளே தெரியும். பிரிவைத் தாங்குவதும் சிகிச்சையின் பகுதி. திருச்சிக்குப் பக்கம் குணசீலம் பெருமாள் கோயிலில் மனநலம் குன்றியவர்களைக் குடும்பத்தோடு தங்கவைப்பார்களே, அங்கேயும் ஒரு மண்டலம், 48 நாள் என்று எல்லை உண்டு. வழிமுறை வேறு, நம்பிக்கை வேறு. ஆனாலும் துன்பத்துக்கு ஒரு கெடு வைக்கலாம் என்ற எண்ணம் இரண்டு இடத்திலும் இருக்கிறதே!

திருத்தங்கலுக்கே திரும்பி வருகிறேன். திருமகள் மனத்தாங்கலோடு வைகுண்டத்தை விட்டு வந்து தவமிருந்து தங்கிய ஊர், அதனால் திருத்தங்கல் என்பது தல வரலாறு. சிலப்பதிகாரத்திலும் இந்த ஊருக்கு ஒரு கதை உண்டு, தெரியுமா? கட்டுரை காதையில், மதுரையின் காவல் தெய்வமே கண்ணகிக்குச் சொல்கிற கதை!

தங்காலில் வார்த்திகன் என்று ஓர் அந்தணர். அவருடைய சின்ன மகன் தக்கிணன். சேரனிடம் பரிசு பெற்றுத் திரும்பிய பராசரன் என்பவர் இந்த ஊரில் தங்குகிறார். மழலை மாறாத வாயால் தக்கிணன் வேதம் ஓதிய அழகில் மயங்கி, நகைகளை அள்ளிக் கொடுத்துவிட்டுப் போகிறார். திடீரென்று அந்த வீட்டில் பொன் மின்னியதும் அரசனின் ஆட்களுக்குப் பொறுக்கவில்லை. புதையலை எடுத்து ஒளித்துவிட்டார் என்று வார்த்திகனைச் சிறையில் அடைத்துவிட்டார்கள். மனைவி கார்த்திகை மண்ணில் விழுந்து புரண்டாள், அழுதாள், கொதித்தாள். யார் கேட்டார்கள்? ஒருவரும் கேட்கவில்லை.

அன்றைக்குக் கொற்றவை கோயில் கதவு மூடிக்கொண்டது. யார் தள்ளியும் திறக்கவில்லை!

பாண்டியன் என்ன செய்தான் தெரியுமா? கதவை உடைக்கச் சொல்லவில்லை. தச்சனைக் கூப்பிடவில்லை. என் ஆட்சியில் எங்கேயோ தவறு நடந்திருக்கிறது, என்ன அது, தேடிச் சொல்லுங்கள் என்றான். அடைத்த கதவை அவன் ஓர் அறிகுறியாகப் படித்தான்! ஆட்கள் போய் விசாரித்து வந்து வார்த்திகன் கதையைச் சொன்னார்கள். அரசன் வார்த்திகனை வரவழைத்து, தவறு என்னுடையது, பொறுத்தருள வேண்டும் என்று மண்ணில் விழுந்து வணங்கினான்.

கதவு திறந்தது. திறந்த ஓசை மாட மதுரையின் தெருக்களெல்லாம் கேட்டதாம்.

அதோடு விடவில்லை. சிறையில் கிடந்தவர்களையெல்லாம் விடுவிக்கச் சொன்னான். இனிப் புதையல் கிடைத்தால் எடுத்தவருக்கே சொந்தம் என்று ஊரறியப் பறையறைவித்தான். வார்த்திகனுக்கு இரண்டு ஊர்களை எழுதிக் கொடுத்தான். ஒன்று வயலூர். இன்னொன்று தங்கால்.